சிவப்பு மண்டலம்

ஜாக்ரெப் நகரின் மார்த்திச் தெரு
காலை ஏழிலிருந்து மூன்று மணிவரை என் பொறுப்பு.
இடுப்பில் ஒரு கருவி, அதன் வாலில் அச்சுப்பொறி.
வண்டி எண்ணை அடித்தால் இரண்டே பதில்:
உண்டு. இல்லை.
பாவமன்னிப்புக் கூண்டில்கூட இவ்வளவு சுருக்கம் கிடையாது.

நாணயம் விழும் ஓசை கேட்டு வருடங்களாகின்றன.
வண்டியை நிறுத்திவிட்டு எங்கிருந்தாவது அனுப்புகிறார்கள்,
ரொட்டிக்கடை வரிசையில் நின்றபடி,
பல் மருத்துவரின் நாற்காலியில் வாய் திறந்தபடி,
ஒருமுறை ஒருவர் சவ ஊர்வலத்தின் நடுவிலிருந்து.
எங்கோ ஒரு சர்வர் தலையாட்டுகிறது.
எனக்கு அந்தத் தலையாட்டல் மட்டும்தான் தெரியும்.

அன்று தூறல். நீல ஓப்பல்.
பின்னிருக்கையில் குழந்தை நாற்காலி;
அதில் பெல்ட் மாட்டி உட்கார்ந்திருந்தது
ஒரு முட்டைக்கோஸ்.
அடித்தேன்: இல்லை.
சீட்டு அச்சிடுமுன் இன்னொருமுறை அடிப்பேன்,
மேலாளர் ஸ்வோனிமிருக்குத் தெரியாத வழக்கம் அது.
உண்டு. பதினொன்று இருபது வரை.
சுற்றிலும் பார்த்தேன். வண்டியருகே ஆளே இல்லை.

அங்கிருந்து ஏழாவது, வெள்ளை ஸ்கோடா.
இல்லை. மறுபடியும் இல்லை.
சீட்டு நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது.
வைப்பருக்கு அடியில் செருகும்போது
மருந்துக்கடையிலிருந்து ஓடிவந்தார் ஒருவர்,
ஒரு கையில் இருமல் மருந்து, மறு கையில் கைப்பேசி.
"கட்டிவிட்டேனே! பாருங்கள், பத்து இருபதுக்கே!"

பார்த்தேன். பணம் சரி. மண்டலம் சரி.
எண்தான் வேறு.
"இது இந்த வண்டியின் எண் இல்லை."
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்,
எழுத்தெழுத்தாக வாய்க்குள் படித்தார்,
கடைசி இரண்டு எழுத்துக்கு வருமுன்னே நிறுத்திவிட்டார்.
"ஆறு வருடம் இதைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தேன்.
நீதிமன்றம் எனக்கொரு நகல் கொடுத்தது, த்ரெனாவுக்கொரு நகல்.
விரலுக்குக் கொடுக்கவில்லை."

அச்சடித்ததை அழிக்க என் கருவியில் பொத்தான் இல்லை என்றேன்.
அவர் அதைக் கேட்கவே இல்லை.
என் கண் ஒரு நொடி
தெருவின் பின்பக்கம் போய்த் திரும்பியிருந்தது.
சீருடை எனக்குத்தான், கண்ணுக்கு ஏது?
"இங்கேதான் நிற்கிறதா?"
"யார் வண்டி எங்கே என்று நான் சொல்லக்கூடாது."
தலையசைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை,
அல்லது நான் போகட்டும் என்று காத்திருந்தார்.
அபராதச் சீட்டை நான்காக மடித்து
லாட்டரிச் சீட்டைப் போல உள்பையில் வைத்தார்.

எதிர்ச்சாரி வண்டிகளை முடித்துத் திரும்புகையில்
ஓப்பலருகே ஒரு பெண். குடையில்லை.
தோள்பையிலிருந்து லீக் தண்டுகள் எட்டிப் பார்த்தன.
என் தொப்பியைக் கண்டதும் பதறினாள்:
"சந்தையில் மறந்தே போனேன், இதோ, அனுப்பிவிட்டேன், இதோ."
கூரைமேல் வைத்த கைப்பேசி நடுங்கியது.
படித்தாள். மழைத்துளியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள்.
"பன்னிரண்டு இருபதா?
நான் ஒரு மணிநேரம்தானே வாங்கினேன்?"

சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது என்னிடம்.
விதிப்புத்தகத்தில் அது இல்லை.
"இரண்டு மணிநேரம் இருக்கிறது உங்களுக்கு" என்றேன்.
"சிவப்பு மண்டலத்தில் யாருக்கும் அதற்குமேல் கிடையாது."

அவள் ஏறிப் போயிருக்கலாம்.
லீக்கை முட்டைக்கோஸின் மடியில் போட்டாள்,
கதவைச் சாத்தினாள்,
சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டு
ஈரத்தெருவை இப்பக்கமும் அப்பக்கமும் பார்த்தாள்.
ஸ்கோடா இன்னும் கிளம்பவில்லை.
அதற்குள்ளிருந்து இருமல் கேட்டது, இரண்டு தடவை.

எனக்கு அடுத்தது கறுப்பு ரெனோ.
அடித்தேன்: இல்லை.
மறுபடி அடித்தேன்.